நானூறு மீட்டர் வட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் விமானிகள் சங்கத்தில் பிழை வாசிப்பு நடக்கும். சுல்தான்பேட்டைக்குத் தெற்கே, மூடிப்போன நூற்பாலை ஒன்றின் பஞ்சுக் கிடங்குதான் சங்கக் கட்டடம். அதன் பின்னால் தெற்கு வடக்காக ஒரு மண் ஓடுபாதை. கிடங்குக்குள் முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், சுவரில் சிறிய கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டிதான் வானத்தை நடத்தும் வான்மூளையின் காது. போண்டா ஆறுவதற்குள் ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் பறந்தபோது செய்த தவறுகளைத் தம் கைப்பட எழுதி வந்து வாசிக்க வேண்டும். எழுதிய தாளுக்குப் பிழையோலை என்று பெயர். பெயர் சூட்டியவர் எங்கள் தலைவர் பாலதண்டபாணி. ஏ-ஃபோர் தாளை ஓலை என்று அழைத்தால் அதற்கு இரண்டாயிரம் வருடப் பழமை வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

குழந்தைவேலு வாசிக்க எழுந்தால் மற்றவர்கள் இரண்டாவது போண்டாவுக்குப் போய்விடுவார்கள். அத்தனை நீளம். பம்பு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், நாற்பது வயது, தன் விமானத்தின் விசிறித் தலையைத் தானே கடைந்தவர். செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது வால் சக்கரம் குதித்தது, காரணம் நான் என்பார். புதன்கிழமை எரிபொருள் வால்வைப் பார்க்காமலே பார்த்ததாக டிக் போட்டேன் என்பார். ஒருமுறை, வீட்டு மொட்டை மாடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நூறு அடி இறங்கிவிட்டேன் என்று வாசித்தார். வேட்டி யாருடையது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். "மச்சினனுதுங்க. என்ன இன்னும் எடுக்கலையேன்னு பார்த்தனுங்க," என்றார் குழந்தைவேலு. அதையும் பெட்டி பதிவு செய்துகொண்டது.

எங்களுக்கு அவர் மேல் எரிச்சல் வந்ததற்குக் காரணம் நீளம் மட்டுமல்ல. வட்டம்.

வானத்தில் இப்போது மனிதன் கை வைப்பதில்லை. பயணிகளுக்கும் சரக்குக்கும் தானே பறக்கும் தானூர்திகள். அவற்றையெல்லாம் நகர்த்துவது வான்மூளை. கையால் ஓட்ட ஆசைப்படுகிற கிறுக்கர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தன் கையால் கட்டிய விமானத்தைத் தன் கையால் ஓட்டலாம். ஆரம்பத்தில் வான்மூளை எங்கள் ஒவ்வொரு அசைவையும் குறித்துவைத்தது. ஆறே மாதத்தில், குறித்தவற்றைக் காட்டி, நாட்டிலிருந்த அத்தனை பேரின் உரிமத்தையும் ஒரே நாளில் ரத்து செய்தது. வழக்கு நடந்தது. கடைசியில் வந்ததுதான் மறதிச் சட்டம். வான்மூளை எங்களைப் பார்க்கலாம், பார்த்து விலகலாம், ஆனால் நினைவில் வைக்கக் கூடாது. நாங்களே சொல்கிற பிழைகளை மட்டும் நினைவில் வைக்கலாம். அதைக் கொண்டு எங்கள் மைதானத்தைச் சுற்றித் தானூர்திகள் எத்தனை தூரம் தள்ளிப் போக வேண்டும் என்று அது கணக்கிடும். அந்தத் தூரம்தான் வட்டம்.

பிழை அதிகம் வாசித்தால் வட்டம் பெரிதாகும், பறக்கும் நாட்கள் குறையும். வாசிக்காவிட்டால் சுருங்கும். உடுமலைச் சங்கத்தின் வட்டம் ஐந்நூறு மீட்டர். எங்களுடையது எழுநூறு. பாலதண்டபாணி அதைச் சங்கத்தின் லெட்டர்பேடில் அச்சிடாமல் மறைத்துவைத்திருந்தார். உடுமலைக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டார்கள்.

நான் நஞ்சப்பன். எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருபத்தாறு வருடம். கடைக்காரர்களின் தராசில் முத்திரை குத்தியவன், குறை எடைக் கல்லைக் கண்டுபிடித்து முறைத்தவன். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கார் ஷெட்டில் நான்கு வருடம் உட்கார்ந்து, அலுமினியக் குழாயும் துணியுமாக ஒரு விமானத்தைக் கட்டினேன். பிறகு மாணவ விமானியாகச் சேர்ந்தேன். சங்கத்தில் எல்லோருக்கும் நான் ஆபீசர். ஆபீசர் சொன்னால் சரியாக இருக்கும் என்றார்கள். அதை மறுக்கும் அளவுக்கு எனக்கு அடக்கம் இல்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் லோகாம்பாள். முப்பது வயது, ஒல்லி, குரலை உயர்த்தவே மாட்டார். முதல் பத்து மணி நேரமும் என் கால்களோடுதான் போராடினார். சுக்கான் மிதியை, அதாவது ரட்டரை, நான் பஸ் பிரேக் போல மிதித்தேன். "மெதுவாங்க, அது கோவிச்சுக்கும்," என்பார். ஓட்டுகோலை இறுக்கிப் பிடித்தேன். இரண்டு விரல் போதும் என்றார். இரண்டு விரலால் பிடித்தேன், மற்ற மூன்று விரலும் பயத்தில் மடங்கிக்கொண்டன. முப்பத்தெட்டாவது மணி நேரத்தில் அவர் இறங்கிக்கொண்டு, இனி தனியாகப் போங்கள் என்றார்.

ஆடி மாதம் மூன்றாவது வாரம் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் குழந்தைவேலு பறக்கவில்லை. பிஸ்டன் ரிங் மாற்ற எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தார். மற்றவர்களின் ஓலைகள் எல்லாம் வெறுமையாகத்தான் இருக்கும் என்று தெரிந்துவிட்டது. என் ஓலையும் வெறுமையாக இருந்தால் வட்டம் நானூறுக்கு வந்துவிடும் என்று பாலதண்டபாணி கணக்குப் போட்டு, அதை என் காதிலும் போட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை தனியாக ஏறினேன். ஏறுவதும் சுற்றுவதும் நன்றாகவே நடந்தன. இறங்குவதற்காக ஓடுபாதையின் தெற்கு முனையில் கிழக்கு நோக்கித் திரும்பி, பிறகு வடக்கே திரும்ப வேண்டும். கிழக்கு நோக்கிப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் மேற்குக் காற்று. ஓடுபாதை என் இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். வடக்கே திரும்பி முடிக்கும்போது ஓடுபாதை மேற்கே, வெகுதூரத்தில் கிடந்தது. அறுநூறு மீட்டர் தள்ளப்பட்டிருந்தேன். என் வலப்பக்கம், திருப்பூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் தடத்தில், வீடு போன்ற ஒரு சரக்குத் தானூர்தி போனது. அதன் வயிற்றில் எழுதியிருந்த பனியன் கம்பெனிப் பெயரைக் கண்ணாடி இல்லாமலே படித்தேன்.

சுற்றி வந்து, இரண்டாவது முறை சீக்கிரமே திரும்பி, இறங்கிவிட்டேன். லோகாம்பாள் சங்கத்து ஷெட்டுக்குள் வேறொருவரின் எஞ்சினோடு இருந்தார். வெளியே வந்து, திருப்பம் எப்படி இருந்தது என்று கேட்டார். பிரமாதம் என்றேன். முதல் முறை ஏன் இறங்காமல் போனேன் என்பதை அவர் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தபோது கிடங்கில் போண்டா மெல்லும் சத்தம்கூட நின்றது. ஓலையை விரித்தேன். "பிழை ஏதுமில்லை," என்று வாசித்தேன். முத்திரை குத்துகிற அதே குரலில். பெட்டி சற்று யோசித்துவிட்டு, வட்டம் நானூறு என்றது. பாலதண்டபாணி என்னைக் கட்டிக்கொண்டார். மாலைக்குள் லெட்டர்பேடு அச்சுக்குப் போய்விட்டது. சரக்குத் தடம் முந்நூறு மீட்டர் நெருங்கி வந்தது. அதை யாரும் அச்சிடவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள், எஞ்சினைப் பூட்டி முடித்த குழந்தைவேலு பறந்தார். நான் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் தெற்கு முனையில் திரும்பினார். காற்று அவரைத் தள்ளியது. அதே அளவு, அதே பக்கம். ஆனால் இப்போது அங்கே தடம் இருந்தது. எதிரே வந்த தானூர்தி அவரைப் பார்த்தது. தன் கடமைப்படி நொடியில் விலகி மேலேறியது. அது விலகும்போது கீழே தள்ளிய விசிறிக் காற்றில் குழந்தைவேலுவின் விமானம் தோசை போலப் புரண்டது. ஒரு தென்னந்தோப்பில் விழுந்தது. டம்ளரைக் கீழே வைக்காமலே ஓடினேன் என்பது தோப்பை அடைந்த பிறகுதான் தெரிந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பில் இரண்டு இடத்தில் முறிவு, வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு லோகாம்பாள் காற்றுக் குறிப்பேட்டோடு என்னிடம் வந்தார். நீங்கள் தனியாகப் போன அன்றும் இதே காற்றுதான் அடித்திருக்கிறது என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் தள்ளலீங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, லோகா."

அவர் குறிப்பேட்டை மூடினார். என்னைச் சந்தேகப்படவில்லை. தன் கணக்கில்தான் ஏதோ தப்பு என்கிற முகத்தோடு போனார்.

அடுத்த ஞாயிறு குழந்தைவேலு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஃபோனில் வாசித்தார். காற்றைக் கணிக்கத் தவறினேன், பிழை என்னுடையது என்று முடித்தார். அவருடைய ஓலைகளிலேயே அதுதான் மிகச் சிறியது. பெட்டி விதியைச் சொன்னது. கடந்த முப்பது நாட்களில் அதே இடத்தில் அதே பிழையை வேறு யாராவது செய்திருந்தால் அது இடத்தின் பிழை, உரிமம் தொடரும். இல்லையென்றால் ஆளின் பிழை, உரிமம் ஆயுளுக்கும் போய்விடும். யாராவது வாசிக்காமல் விட்டிருந்தால், பிழை நடந்த நாளிலிருந்து முப்பது நாள் முடிவதற்குள் வாசிக்கலாம். அப்படித் தாமதமாக வாசிக்கிறவரின் உரிமம் போய்விடும். பெட்டி முப்பது விநாடி காத்திருந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச் செருப்பு. நாற்பது வயதில், முட்டி தேய லேத்தில் நின்று, ஒரு விமானத்தைக் கடைந்து எடுத்த மனிதர் இனி பறக்க முடியாது என்று முடிவாகிக்கொண்டிருந்தது. நான் செருப்பின் தையலை எண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை, ஒரு கிலோ ஆரஞ்சோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லப் போகவில்லை. போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று போனேன். அவர் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு மருந்து வாங்கக் கீழே போனார். காலைத் தூக்கிக் கட்டியிருந்த நிலையில் குழந்தைவேலு எனக்கே ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார். சீக்கிரம் குணமாகிவிடும் என்றேன். அது யாருக்கும் தேவைப்படாத பேச்சு. இன்னொரு ஆரஞ்சை எடுத்துக்கொண்டே அவர்தான் ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கணுமுங்க ஆபீசர். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"நீங்க முதல்ல தனியாப் போனீங்கல்ல, அன்னைக்கு நான் ஷெட்டுக்குப் பின்னாடி உக்காந்து ரிங்கை அராவிட்டிருந்தனுங்க. நீங்க திரும்பறப்போ காத்து உங்களைக் கெழக்கே இழுத்துட்டுப் போற மாதிரி இருந்துச்சு. தடத்து வரைக்கும் போயிட்டீங்களோன்னு எந்திரிச்சே நின்னுட்டேன்."

கையிலிருந்த சுளையைத் தட்டில் வைத்தேன்.

"யாருகிட்டயும் சொல்லலைங்க. அவங்கவங்க பிழையை அவங்கவங்கதானே படிக்கணும். நாமளும் போறப்ப கொஞ்சம் முன்னாடியே திருப்பிரலாம்னு மட்டும் நெனச்சு வெச்சிருந்தேன்." ஆரஞ்சுத் தோலைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னார். "அப்பறம் ஞாயித்துக்கெழமை நீங்க ஒண்ணுமில்லைன்னு படிச்சீங்க. தராசுல நூலளவு சாஞ்சாலே கண்டுபிடிக்கறவர் பொய்யாவா படிப்பாரு, நம்ம கண்ணுதான் தப்பாப் பார்த்திருக்குன்னு வெச்சிட்டேன். வழக்கமான எடத்துலயே திருப்புனனுங்க."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உண்மையிலேயே அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"எங்கண்ணு சரியாத்தான் பார்த்துச்சுங்களா?"

"சரியாத்தான் பார்த்துச்சு," என்றேன்.

அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தொலைந்த சாவி கிடைத்தவரைப் போல, அப்பாடா என்று மூச்சு விட்டார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு, முப்பதாம் நாளுக்கு ஐந்து நாள் முன்னால், எழுந்து நின்று வாசித்தேன். தெற்கு முனைத் திருப்பத்தில் மேற்குக் காற்று என்னை அறுநூறு மீட்டர் தள்ளியது, அதை நான் வாசிக்காமல் விட்டேன் என்றேன். ஓலையில் இன்னும் இரண்டு வரி இருந்தது. பயிற்றுநர் நேரில் கேட்டபோதும் பொய் சொன்னேன் என்பது ஒன்று. ஒருவர் தன் கண்ணை விட்டு என் வாயை நம்பினார் என்பது இன்னொன்று. அந்த இரண்டையும் மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். பெட்டிக்கு அவை தேவையில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன்.

இடத்தின் பிழை என்றது பெட்டி. குழந்தைவேலுவின் உரிமம் தொடரும், நஞ்சப்பனின் உரிமம் முடிந்தது, வட்டம் ஆயிரத்து நானூறு.

ஆஸ்பத்திரியில் கெஞ்சி அனுமதி வாங்கிச் சக்கர நாற்காலியில் வந்திருந்த குழந்தைவேலு முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். லோகாம்பாள் மட்டும் மடியில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலதண்டபாணிக்குக் கண் கலங்கியிருந்தது. வட்டம் போனதாலா என்று தெரியவில்லை. மைக்கைப் பிடித்து, தன் உரிமத்தையே தியாகம் செய்து ஒரு தொழிலாளியின் சிறகைக் காப்பாற்றிய ஆபீசரின் நேர்மை உடுமலைச் சங்கத்தில் எவருக்காவது உண்டா என்று கேட்டார். அலமாரியைத் திறந்தார். எப்போதும் கையிருப்பில் இருக்கிற சால்வைகளில் சரிகை அதிகமாக உள்ளதைத் தேர்ந்தெடுத்துப் பிரித்தார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவர் என்னிடம் நடந்து வர ஒன்பது அடி எடுத்து வைத்தார். நான் எண்ணினேன். ஒன்பதாவது அடியில் தலையைக் குனிந்தேன். வெட்கத்தில் குனிகிறேன் என்று நினைத்துக் கைதட்டல் இன்னும் பலத்தது. சால்வை சரியாகத் தோளில் விழட்டும் என்றுதான் குனிந்தேன். விழுந்த பிறகுதான் வெட்கம் வந்தது. அதற்குள் ஃபோட்டோ எடுத்துவிட்டார்கள்.