பின்னால் வந்தவர் மேல்தான் தப்பு!

"டமா...ர்!"

சிக்னலில் நின்ற சின்னக் காரின் பின்பக்கம் கசங்கிச் சுருண்டது!

ஸ்டியரிங்கில் நெற்றி மோதி, ரத்தம் புருவத்தில் வழிய...

அவள் சிரித்தாள்.

டிரைவிங் ஸ்கூல் டீச்சர் அவள். போன வருஷம் ஒரே தம்பியைப் பறிகொடுத்தவள். அவன் பைக், ஒரு கான்ட்ராக்டருடைய பெரிய காரின் பின்பக்கத்தில் மோதியது. அங்கேயே உயிர் போனது.

காலியான சாலையில் கான்ட்ராக்டர் ஏன் திடீரென்று பிரேக் அடித்தார்?

'ஏதோ குறுக்கே வந்தது' என்றார். 'பின்னால் வந்தவன்தான் இடைவெளி விட்டிருக்க வேண்டும்' என்றது கோர்ட். வழக்கு முடிந்தது.

அவளுக்கு மட்டும் முடியவில்லை.

கான்ட்ராக்டர் ஆபீஸ் போகும் பாதையில், தினமும் அவருக்கு முன்னால் காரை ஓட்டினாள். விதி பிசகாமல்... அவ்வளவுதான்! முன்னால் போகிறவர் முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிற ஆள் அவர். என்றைக்காவது இடிப்பார்.

இன்று சிவப்பு விழுந்தது. நின்றாள்.

இடித்தார்!

"வேணும்னே பிரேக் அடிச்சியாடி?" கான்ட்ராக்டர் பாய்ந்து வந்தார்.

கூட்டம் கூடியது. டிராஃபிக் இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார்.

"சார், சிக்னல் சிவப்பு. பின்னாடி வந்தது நீங்க. தப்பு உங்க மேலதான்" என்றார்.

கான்ட்ராக்டருக்கு அப்போதுதான் அவள் முகம் பிடிபட்டது. கோர்ட்டில் பார்த்த முகம்!

"யோவ், இவ யாரு தெரியுமா? என் கார்ல மோதிச் செத்தானே ஒருத்தன், அவனோட அக்கா! பழி வாங்கறா!"

அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவேயில்லை.

"என்ன சார் பேசறீங்க... பின்னாடி ஆள் வர்றது தெரிஞ்சும் யாராவது பிரேக் அடிப்பாங்களா?"

"ஏன் அடிக்க மாட்டாங்க? உன் தம்பி ஹாரன் அடிச்சே என் உசிரை வாங்கினான்! கண்ணாடியில அவனைப் பார்த்துக்கிட்டேதான் நானே..."

நாக்கைக் கடித்தார்.

கூட்டத்திலிருந்து ஏழெட்டு செல்போன்கள் அவர் முகத்துக்கு நேராக...

"சொல்லுங்க சார். நீங்களே...?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நா... நான் ஒண்ணும் சொல்லலையே..."

"ஊரே கேட்டுச்சு சார்!"

அவள் நடைபாதையில் உட்கார்ந்து, தம்பி போனதிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையை அழுது தீர்த்தாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்தார்.

"வெறும் அபராதம் போடலாம்னுதான் சார் வந்தேன்... நீங்க தாராள மனசுக்காரர், ஆயுள் தண்டனைக்கே வழி பண்ணிக் கொடுத்துட்டீங்க!"