காற்றுக் குழாயில் தேடுகிறவன்

"மாமா, அப்பா தேடினது கெடைச்சுதா?"

தியாகேசனின் பதினாறாம் நாள் காரியத்தன்று, கீழ்பென்னாத்தூர் வீட்டு வாசலில் அவன் மகள் சாம்பவி கேட்டது. சக்கரபாணி அவள் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டார். எட்டு வருடம் ஆகிறது. இப்போது அவருடைய செங்கம் சாலை வீட்டுப் பரணில் ஏதோ தவழ்கிறது.

"எலிங்க," என்றாள் மனைவி சரசு, பிரதோஷத்துக்குக் கிளம்பியபடி. "போர் விமானத்தையே ரிப்பேர் பண்ண ஆளு, எலிக்குப் போய் பயந்துக்கிறீங்களே!"

எலி முழங்கையை ஊன்றாது. முன்னால் ஒரு கை, பின்னால் இழுபடும் உடம்பு, நின்று ஒரு தடவல், மறுபடி ஒரு கை. கூடவே மண்ணெண்ணெய் போன்ற அந்த விமான எரிபொருள் வாசனை, பரணின் சாத்திய கதவு இடுக்கிலிருந்து கட்டில்மேல் மெல்ல உதிரும் பாலைவன மணல்.

விமானப்படையில் அவருக்கும் தியாகேசனுக்கும் ஒரே வேலை. பாலைவனத் தளத்துக்கு எந்த வடிகட்டி, பனிமலைத் தளத்துக்கு எந்த எண்ணெய் என்று தியாகேசன் போடும் பராமரிப்புத் திட்டத்தைத்தான் அதிகாரிகள் எடுப்பார்கள். சக்கரபாணிக்கு வயிறு எரியும். பனியில் விறைத்த அவர் விரல்களைத் தன் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றியவனும் தியாகேசன்தான். அந்த நல்ல குணம் இன்னும் எரித்தது.

கருவியை எடுப்பவன் அதன் இடத்தில் தன் பித்தளை டோக்கனை மாட்ட வேண்டும். கருவி திரும்பாமல் விமானம் பறக்காது. அடுத்த டூட்டிக்காரன் வந்து மாற்றும்வரை டோக்கன்காரன்தான் தேட வேண்டும். ஒரு மே மாத நண்பகலில் சக்கரபாணி ஸ்பானர் ஒன்றை மணலில் வீசிவிட்டு, அது இருந்த இடத்தில் தியாகேசனின் டோக்கனை மாட்டினார். ஒரு திட்டு வாங்கட்டும் என்றுதான். தியாகேசன் விமானத்தின் என்ஜினுக்குப் போகும் காற்றுக் குழாய்க்குள் தவழ்ந்து தேடினான். அவனை விடுவிக்க வேண்டிய அடுத்த டூட்டி சக்கரபாணியுடையது. வேண்டுமென்றே தாமதித்துப் போனார். அனலில் உயிர் போயிருந்தது. எல்லோரும் அழுதபோதும், செத்தும் பேர் வாங்கிட்டானே என்றுதான் இவருக்குத் தோன்றியது.

பரணில் சத்தம் நின்றது.

மூச்சு. வறண்ட மூச்சு.

"டூட்டி மாத்த வந்துட்டியாடா?"

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறினார். கதவைத் திறந்தார். பரண் இல்லை. வளைந்து குறுகிப்போகும் உலோகக் குழாய். அனல். இருட்டில் இரண்டு உள்ளங்கைகள். தோல் உரிந்து.

"நீ வீட்டுக்குப் போ, தியாகு. நான் பாத்துக்கிறேன்."

உள்ளே தவழ்ந்தார். ஓர் உடம்பு அவரை உரசியபடி வெளியேறியது. போகும்போது தோளை அன்பாகத் தட்டியது. கதவு சாத்திக்கொண்டது. செருப்பில்லாத காலடிகள் வாசலைத் தாண்டின.

சக்கரபாணி கையை ஊன்றினார். தடவினார். மறுபடி ஊன்றினார்.

பின்னால், வெகு தூரத்தில், சரசு வந்து கூப்பிட்டாள்.

திரும்ப இடமில்லை.