சப்பையனின் குறட்டை

தையல் மெஷினை நிறுத்திய பிறகும் அந்தக் குறட்டை நிற்கவில்லை.

செல்ல நாய் சப்பையனை, அவனுடைய ரப்பர் பந்தோடு சேர்த்து, கொல்லையில் புதைத்து மூன்று நாளாகிறது. ஆனாலும் பட்டப்பகலில், கூடத்திலிருந்து அதே சத்தம்: ஈரத்துணியை யாரோ மெல்லக் கிழிப்பது போல ஓர் இழுப்பு, நடுவில் ஓர் அடைப்பு, பிறகு தொண்டைக்குள் சளி புரளும் முனகல். தையல்காரிக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் பழைய வீடியோவைப் போட்டு ரசித்துக்கொண்டிருக்கிறான்!

முகம் தட்டையாக இருந்தால்தான் அழகு என்று மனிதர்கள் ஜோடி சேர்த்துச் சேர்த்து உண்டாக்கிய ஜாதி அது. மூக்கு என்று பேருக்கு இரண்டு கீறல். படுத்தால் மூச்சு அடைக்கும். அதனால் உட்கார்ந்தபடியே, வாய் மூடிவிடாமலிருக்கப் பந்தைக் கவ்விக்கொண்டு தூங்கும். அந்த அவஸ்தையைப் போனில் படமெடுத்து, நெட்டில் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிச் சிரித்தான், புண்ணியவான்.

"மூக்குல ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி ஆறு மாசமாச்சுங்க" என்று அவள் எத்தனை முறை கெஞ்சியிருப்பாள்.

"குறட்டை போயிட்டா, அப்புறம் இவன யாருடி பாப்பாங்க?" என்பான்.

கடைசியில் உச்சிவெயிலில் பந்தைத் துரத்தவிட்டான். நாக்கு நீலமாகி அது சரிந்தபோதும் படமெடுப்பதை நிறுத்தவில்லை. அதை அவள் இந்த ஜென்மத்தில் மன்னிக்கப்போவதில்லை.

"போதும், நிறுத்துங்க அத!"

குறட்டை தொடர்ந்தது.

விடுவிடென்று கூடத்துக்கு வந்தாள். நனைந்த நாயின் வாடை. தரையில் ஈரமண். போன் மேசைமேல் அணைந்து கிடந்தது.

சத்தம் சோபாவிலிருந்து வந்தது.

புருஷன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மோவாய் மேலே தூக்கியிருந்தது. பிதுங்கிய கண்கள். நீலம் பாரித்த உதடுகள். மூக்கு இருந்த இடத்தில் இரண்டு கீறல்.

வாயில் மண் ஒட்டிய ரப்பர் பந்து.

அதைப் பிடுங்கக் கை நீட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அது இருந்தால்தான் காற்று.

டாக்டரைக் கூப்பிடப் பாய்ந்து போனை எடுத்தாள். அவள் பொத்தானை அழுத்தும் முன்பே திரை ஒளிர்ந்தது. அதில் அவன். நேரலை.

இழுப்பு. அடைப்பு. இழுப்பு.

திரையின் அடியிலிருந்து சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன.