இரண்டாம் பருவத் தேர்வு

காலை மணி அடித்ததும் செவ்வாய்க் கிரகக் குடியிருப்பின் இரண்டரை வயதுக் குழந்தைகள் வரிசையாகப் பருவ இருக்கைகளில் ஏறி உட்கார்ந்தன. உட்கார்ந்தவுடன் இடுப்பைச் சுற்றி ஒரு வளையம் பூட்டிக்கொள்ளும். குழந்தை வெளிக்குப் போனால் அது திறக்கும்; இல்லாவிட்டால் மாலை மணிவரை பூட்டியே கிடக்கும். போனது குழாய் வழியே உரத்தொட்டிக்குப் போய்விடும். கல்லும் துருவுமாகக் கிடக்கிற அந்த மண்ணில் அதைவிட அருமையான பொருள் வேறு கிடையாது.

நன்மாறன் மட்டும் மூன்று நாளாகப் போகவில்லை. முகம் சிவக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்கினான்.

"முதல் பருவத்தில் குழந்தைக்கு வாய்தான் உலகம்" என்று அவன் தாயிடம் சொன்னது பழக்குபொறி, குழந்தைகளைப் பழக்கும் எந்திரம். பூமியில் எந்தக் காலத்திலோ மனமருத்துவர்கள் வகுத்த பருவங்களை இங்கே சட்டமாக்கி அதன் தலையில் ஏற்றியிருந்தார்கள். "இரண்டாம் பருவத்தில் தான் உண்டாக்கியதைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்கிறது. இவன் வைத்துக்கொள்கிறான். மாலைக்குள் தேறாவிட்டால் தசைச்சில்லு பொருத்தப்படும்."

தசைச்சில்லு பொருத்திவிட்டால் ஆயுளுக்கும் எடுக்க முடியாது. மணி அடித்தால் உடம்பு திறக்கும், மணி அடித்தால் மூடும். பெற்றவள் செங்கொடிக்கு உச்சந்தலைவரை பற்றி எரிந்தது. பயிர்க்கூட வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தலைமை நிர்வாகி அறவாழியிடம் போய் நின்றாள்.

"பச்சப்புள்ளயப் பூட்டி வெச்சா எப்படிங்க போவான்? பயத்துல அடக்குறான்!"

"இந்தாம்மா, இப்பவே பிடிச்சு வெச்சுக்கிறவன் நாளைக்குத் தண்ணியையும் காத்தையும் பதுக்குவான். சுயநலம் இங்கதான் ஆரம்பிக்குது. நானெல்லாம் ஒன்றரை வயசுலயே அந்த இருக்கையில தேறினவன்."

அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உரத்தொட்டிகள் விளிம்புவரை நிரம்பி நின்றன. எல்லாவற்றிலும் பூட்டு. பயிர்க்கூடத்தில் தக்காளிச் செடிகள் எருவில்லாமல் மஞ்சளித்துச் செத்துக்கொண்டிருந்தன.

"அப்ப அந்தத் தொட்டியில ஒண்ணையாவது திறந்து விடுங்க. ஊரே பட்டினி கிடக்கப்போகுது."

அறவாழியின் கை தானாகப் போய் இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடித்தது. முகம் சிவந்தது. உதட்டைக் கடித்தார்.

"இருக்கட்டும்மா. பின்னால உதவும்."

இதே முகத்தைக் காலையில்தான் அவள் பார்த்திருந்தாள். பயிர்க்கூடத்துக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் வளையத்தைப் பெயர்த்தாள். பிள்ளையைத் தூக்கிவந்து தக்காளிப் பாத்தியில் இறக்கிவிட்டாள்.

"உனக்கு எப்ப வருதோ அப்பப் போடா கண்ணு. யாரும் கேக்க மாட்டாங்க."

அவன் கொஞ்ச நேரம் மண்ணை அளைந்தான். பிறகு குந்தினான். எழுந்து கைதட்டினான்.

"அம்மா, பாரு! செடிக்கு!"

செங்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பின்னாலேயே உருண்டு வந்த பழக்குபொறி குனிந்து பார்த்தது. "தேறிவிட்டான். பூட்டாமலே கொடுத்தவன் இவன் ஒருவன்தான்."

"அப்ப உன்கிட்டத் தேறினவங்க எல்லாம்?"

"அவர்கள் பூட்டுக்காக மட்டும் கொடுத்து, மற்ற நேரமெல்லாம் அடக்கக் கற்றுக்கொண்டவர்கள். அதில் முதலாவதாக வருகிறவரைத்தான் நிர்வாகத்துக்கு அனுப்புகிறோம்."

அதற்குள் அறவாழி காவலர்களோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். செங்கொடி பிள்ளையை மறைத்துக்கொண்டு கடப்பாரையை ஓங்கினாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. நேரே பாத்திக்குப் போனார். பிள்ளை கொடுத்ததை மண்ணோடு வழித்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

நன்மாறன் அம்மாவின் காலைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான். அவனுக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

"இன்னும் வேணுமா மாமா?"

அறவாழி ஆமென்று வேகமாகத் தலையாட்டினார்.