வீரகத்தியின் பூனை

விசுவமடுச் சந்தியில் பரமலிங்கம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை சற்றே ஓய்ந்திருந்தது. கையில் ஒரு தகரப் பெட்டி. சட்டைப் பையில் நெல் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கான கடிதம். மனைவி இலட்சுமிக்கு எட்டாம் மாதம். "பிள்ளை பிறக்க முதல் வந்திடுவன்" என்று சாவகச்சேரியில் அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

களஞ்சியம் காட்டோரம் தனியே நின்றது. தகரக் கூரை, முதிரை மரக் கதவு. சன்னல் என்று ஒன்றும் இல்லை. வாசற்படியில் சாம்பல் நிறப் பூனை ஒன்று குந்தியிருந்தது.

காவற்காரர் ஆதம்பாவா பூட்டின் திறப்பைக் கொடுத்தார்.

"அது வீரகத்தி ஐயாவின்ரை பூனை. உங்களுக்கு முந்தி இருந்தவர். நெல் அளக்கிற கொத்தை மூண்டு தரம் தட்டினாரெண்டா எங்கை நிண்டாலும் ஓடி வரும். அதை முதல் உள்ளுக்கு விட்டுத்தான் அவர் கால் வைப்பார். பாம்பு கிடந்தா அது படி தாண்டாது."

பரமலிங்கம் சிரித்தான். "நாயைப் பழக்கலாம், ஆதம்பாவா நானா. பூனையை ஆர் பழக்கினது? அதெல்லோ எங்களைப் பழக்கும்!"

"சிரியுங்கோ, சிரியுங்கோ. போன மாரியிலை ஒருநாள் கூரை ஒழுகுதெண்டு அவருக்கு அவசரம். பூனை படியிலை மயிர் சிலிர்த்துக்கொண்டு நிண்டது. தாண்டிப் போட்டார். மழையிலை கதவு ஊறி இறுகிப்போச்சு. உள்ளுக்குப் புடையன் பாம்பு. நாங்கள் திறக்கேக்கை பின்மூலையிலை சீவன் இல்லாமல் கிடந்தார்."



பரமலிங்கம் விடுகிற ஆள் இல்லை. காலையில் பூனைக்குப் பசிக்கும் நேரம் பார்த்து, நெல் அளக்கும் தகரக் கொத்தை மூன்று தரம் தட்டினான். வந்தால் ஒரு நெத்தலிக் கருவாடு. ஒருமுறை அதட்டிப் பார்த்தான். இரண்டு நாள் அது முகமே காட்டவில்லை. பிறகு அதட்டவில்லை. பதினைந்தாம் நாள் தட்டியவுடன் வந்து நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பி, மூட்டைக்கடியில் எலிக்குஞ்சு அசைவதைப் பிடிக்கும். சந்தின் அகலத்தை மீசை நுனியால் அறிந்து, கும்மிருட்டில் நழுவிப் போகும். ஒன்றுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. கருவாட்டைத் தின்று முடித்ததும் அது பின்மூலைக்குப் போகும். அங்கே முதுகை வளைத்து, யாருடைய காலிலோ உரசுவதுபோல வெறும் காற்றில் உரசும்.

மார்கழி நடுவில் ஒரு மத்தியானம் மழை அடித்து ஊற்றியது. கூரை ஒழுகும் சத்தம் வெளியிலேயே கேட்டது. பரமலிங்கம் கதவைத் திறந்து கொத்தைத் தட்டினான்.

பூனை வந்தது. படியில் நின்றது. வால் மயிர் சிலிர்த்து விரிந்தது.

"மழைக்குப் பயமோடா உனக்கு?" என்று அதைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனான்.

நாலடி வைத்திருப்பான். காற்று கதவை அறைந்து சாத்தியது.

ஓடிப்போய் இழுத்தான். ஊறிய மரம் நிலையைக் கவ்விக்கொண்டது. தோளால் இடித்தான், கத்தினான். தகரத்தில் விழுந்த மழை அவன் குரலை விழுங்கியது. பட்டப்பகலில் அப்படியொரு இருட்டு. ஈர நெல்லின் புளித்த வாடை மூக்கை அடைத்தது.

பூனை இடுப்பிலிருந்து குதித்தது. அதன் உடம்பு அவன் காலில் அழுந்தி நடுங்கியது.

கதவடியில் ஏதோ மூச்சு விட்டது.

கொல்லன் துருத்திபோல, நீளமாக.

புடையன்.

ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினான். எந்தப் பக்கம் கால் வைப்பது? மூச்சு இடமா, வலமா? மூட்டைகளுக்கிடையில் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது.

டக். டக். டக்.

பின்மூலையிலிருந்து.

கொத்து அவன் கையிலேயே இருந்தது.

பூனையின் நடுக்கம் நின்றது. வால் அவன் முழங்காலைத் தடவியது. பிறகு விலகிப் போனது. தட்டிய பக்கத்துக்கு.

பரமலிங்கத்தின் காலும் போனது. போகச் சொல்லி அவன் நினைக்கவில்லை. மூன்று அடி, ஐந்து அடி. பூனையின் 'குர்ர்' ஒலி வரவரக் கிட்டத்தில், சுகமாகக் கேட்டது.

சுவரில் முட்டி நின்றான்.

இருட்டில் ஒரு குளிர்ந்த கை அவன் உள்ளங்கையை விரித்தது.

அதில் எதையோ வைத்து மூடியது.

ஆதம்பாவா அலவாங்கால் கதவை நெம்பித் திறந்தபோது, அவன் முன்பு நின்ற இடத்திலேயே புடையன் சுருண்டு கிடந்தது. அதை அடித்துப் போட்டுவிட்டு அவனை வெளியே இழுத்து வந்தார்.

"கையிலை என்ன ஐயா?"

விரலைப் பிரித்துப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"சூடைக் கருவாடு. நீங்கள் நெத்தலியெல்லோ குடுக்கிறனீங்கள்?"

"பூனைக்கு உது ஆர் குடுக்கிறது?" என்றான் பரமலிங்கம்.

ஆதம்பாவா களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு காலமும் வீரகத்தி ஐயாதான்" என்றார் மெதுவாக.

"நான் நாளைக்கு ஊருக்குப் போறன், நானா. இனி வரமாட்டன்."

மறுநாள் காலை களஞ்சியத்தைப் பூட்டித் திறப்பை ஆதம்பாவாவிடம் கொடுத்தான். வெயில் எறித்தது. பூனை சந்தி வரைக்கும் கூடவே வந்தது. பரந்தன் பஸ் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கி ஒரு காலைப் படியில் வைத்தான். இன்று பின்னேரம் இலட்சுமியைப் பார்த்துவிடலாம்.

டக். டக். டக்.

பூட்டிய களஞ்சியத்துக்குள்ளிருந்து, அவ்வளவு தூரத்திலிருந்து, காதுக்குள் தட்டியதுபோலத் தெளிவாக.

பூனை காதைத் திருப்பியது. எழுந்து நடந்தது.

"அண்ணை, ஏறுறியளோ இல்லையோ?" கொண்டக்டர் கத்தினான்.

ஆதம்பாவா தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் பரமலிங்கத்துக்கு நினைவு வந்தது. பஸ் போய்விட்டிருந்தது. தகரப் பெட்டி எங்கோ சேற்றில் கிடந்தது. அவன் களஞ்சிய வாசலில் நின்றான், பக்கத்தில் பூனை.

"ஐயா... ஏன் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறியள்?"

பரமலிங்கம் குனிந்து பார்த்தான். உள்ளங்கை விரிந்திருந்தது.

வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.