லேஞ்சிக்குக் கீழே

மேசைமேல் விரித்திருந்த லேஞ்சி, அந்தப் பெரிய கைக்குட்டை, மறுபடியும் நனைந்திருந்தது. கூரை ஒழுகவில்லை, ஹலீம் அண்ணாந்து நன்றாகப் பார்த்துவிட்டான். பிழிந்தால் கலங்கல் தண்ணீரும் அழுகிய இலை வாடையும் வந்தன. இரத்தினபுரி மழைக்கு எதுதான் காயும் என்று முனகிக்கொண்டே திரும்ப விரித்தான்.

இரத்தினக்கல் வியாபாரத்தில் அவனும் தம்பி ஹஸீபும் விலையை வாயால் பேசியதே இல்லை. அந்த லேஞ்சிக்குக் கீழே விரல் பிடித்துத்தான் பேசுவார்கள். விரலை இரண்டு தரம் அமுக்கினால், இன்னும் மேலே வா என்று அர்த்தம். முழுக் கையையும் இறுக்கிப் பிடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு எவனும் பின்வாங்க முடியாது.

ஹஸீப் கல் பார்க்கப் போனது அமேசன் காட்டுக்குள் ஓர் ஆற்று நகரத்துக்கு. ரோட்டே கிடையாது, படகு, இல்லாவிட்டால் குட்டி விமானம். படகிலிருந்து விழுந்தான் என்றார்கள். மையத்து கிடைக்கவில்லை. ஒரு மூன்று நாள் போய்த் தேடினால் அடக்கமாவது செய்யலாம் என்று ஹலீம் துடித்தான்.

அந்த மூன்று நாளுக்கு வழி பண்ணுவதற்குள் ஹலீமுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. விசா வந்தால் விமானம் இல்லை; விமானம் இருந்தால் தங்க இடம் இல்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தான். பயண ஏஜன்ட் முஹ்ஸின் போனில் கோல் எடுத்தான்.

"அங்க ஆறு பெருகி ஈக்காம் நானா. எல்லாம் கென்சல்."

கரண்டும் அந்த நேரம் பார்த்துத்தான் போக வேண்டுமா! ஆத்திரம் தாங்காமல், தம்பியே எதிரில் உட்கார்ந்திருப்பது போல ஹலீம் மேசையைக் குத்தினான். "என்னதான்டா வேணும் ஒனக்கு? கேளு, தாறேன்."

மழைச் சத்தம் நின்றது. அதன் இடத்தில் வேறொரு சத்தம், மேசைக்கு அடியில் ஏதோ பெரிய ஆறு புரண்டு ஓடுவது போல. போனைத் தேடித் துழாவிய கை லேஞ்சிக்குக் கீழே போய்விட்டது.

விரல்கள்.

சில்லிட்ட, ஊறிப்போன விரல்கள். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வளைந்த சுண்டுவிரல். ஹஸீப்.

ஒரு அமுக்கு. இன்னொரு அமுக்கு.

உதறியிருக்க வேண்டும். ஆனால் முக்கால் ஆயுசு வியாபாரம் செய்த கை. யோசிக்குமுன் தானாக முடித்துவிட்டது. முழுக் கையையும் இறுக்கிப் பிடித்தது.

மனைவி நுஸ்ஹா விளக்கோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஆதிப்ட வாப்பா, யாருக்குக் கை குடுத்துட்டு ஈக்கிறீங்க?"

ஹலீம் கையை இழுத்துப் பார்த்தான். வெளிச்சத்தில், லேஞ்சி மேசைப் பலகைக்குள் மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது. அதோடு அவன் மணிக்கட்டு. முழங்கை.