தலைவரின் பூட்ஸ்

கூடத்து மூலையில் பூட்ஸ் இரண்டும் வாசலைப் பார்த்து நின்றன. கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்த நல்லதம்பி அப்படியே நின்றுவிட்டார். பதினொரு வருடமாக அவற்றைச் சுவரைப் பார்த்துத்தான் வைப்பார். வீட்டில் வேறு யாரும் தொடமாட்டார்கள்.

அவை, சுதந்திரத்துக்குப் போராடிய பட்டாளத்தில் நல்லதம்பி பணிவிடை செய்த தலைவருடையவை. யுத்தம் முடிகிற சமயம் விமானம் ஏறப் போகிறபோது, "மெருகு போட்டு வை, வந்து மாட்டிக்கொள்கிறேன்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன மனிதர். போனவர் போனவர்தான். உடலும் கிடைக்கவில்லை, சேதியும் உறுதியில்லை. விசாரணை, கமிஷன் என்று நாடே அல்லோலகல்லோலப்பட்டது. நல்லதம்பி மட்டும் தினமும் பூட்ஸைத் துடைத்தார். துடைக்கிற வரைக்கும் தலைவர் உயிரோடு இருப்பார் என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.

அவர் ஊர் அரிமளத்துக்காரர்கள் விடுவார்களா? நேற்று கண்மாய்க் கரையில் காரியமே செய்துவிட்டார்கள். உடல் கிடைக்காதவருக்கு வைக்கோல் பொம்மை கட்டி, அவர் உடுத்தியதை மாட்டி, பெயர் சொல்லிக் கொள்ளி வைப்பது அங்கே வழக்கம். முன்னின்று நடத்திய அய்யாக்கண்ணு பூட்ஸைக் கேட்டார்.

"அவரு போட்டது மேல பட்டாத்தாங்க பொம்மையில அவரு உசுரு வந்து நிக்கும்."

கொடுக்க மனம் வரவில்லை. தலைவர் சட்டை என்று சொல்லித் தன் பழைய காக்கிச் சட்டையை எடுத்து நீட்டினார். வெறும் வைக்கோல்தானே, என்ன ஆகிவிடும்?

"இன்னும் எத்தன தடவ உள்ள வருவீங்க?" அடுப்படியிலிருந்து மனைவி சொர்ணவல்லி கேட்டாள். "இப்பத்தான் காக்கிச் சட்டையோட கொல்லைக்குப் போனீங்க. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிக்கூடப் பாக்கல."

அவர் உடம்பில் துண்டு மட்டும்தான் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரம். புளிக்குழம்பின் வாசனைக்கு அடியில், நனைந்த வைக்கோலைக் கொளுத்தினால் வருகிற மக்கல் புகை நெடி கொல்லைப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்து தொண்டையில் உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே, மாட்டுக்குப் போட யாரோ வைக்கோல் கட்டை இழுத்து வருவதுபோல் ஒரு சத்தம். சரசரவென்று. நின்றது. மறுபடி சரசர.

அந்த வீட்டில் மாடே கிடையாது.

ஓட நினைத்தார். கால் வரவில்லை.

கொல்லைக் கதவு திறந்தது. காக்கிச் சட்டை போட்ட ஓர் உருவம். ஒரு கை பாதி எரிந்திருந்தது. காலரில் பட்டாளத்து வண்ணான் மையால் எழுதிய பெயர். நல்லதம்பி. அவர் பெயர்தான்.

அது அவரைத் தாண்டிப் போனது. மூலையில் குந்தியது. ஒரு பூட்ஸ். பிறகு இன்னொன்று.

ஐயோ, தலைவர் வந்து போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்றே!

சொர்ணவல்லி விளக்கோடு வந்தாள். வெளிச்சம் நேராக அதன் முகத்தில் விழுந்தது. நல்லதம்பியின் முகமேதான். அவள் அலறவில்லை. அவள் முகம் மலர்ந்து, கண் கலங்கியது.

"மாட்டிக்கிட்டீங்களா! அவரு இனி வரமாட்டாருன்னு இன்னைக்காச்சும் ஒத்துக்கிட்டீங்களே, அது போதுங்க எனக்கு. வாங்க, சோறு ஆறுது."

நல்லதம்பி நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை. "சொர்ணம்!" என்று அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கருகிய வைக்கோல்தான் பிடி பிடியாய் உதிர்ந்தது. பூட்ஸ் கால்கள் டக் டக்கென்று அவள் பின்னால் சோற்றுக்கு நடந்தன.